படிக்கக் கிடைத்தது, கணக்கிடக் கிடைக்குமா?

2025 ஜனவரியில் இந்திய அரசுக் கல்வி நிறுவனங்களின் ஆய்வு மாணவர்களுக்கு ஒரு பெரிய கதவு திறந்தது. ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தின்கீழ், 30 பதிப்பகங்கள் வெளியிடும் சுமார் 13,000 ஆய்விதழ்களை 6,300 அரசு உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள் படிக்க வழி பிறந்தது. மூன்று ஆண்டுகளுக்கு இதற்காக ஒதுக்கப்பட்ட தொகை 6,000 கோடி ரூபாய். ஐஐடி மாணவர் படிக்கும் அதே கட்டுரையை ஒரு மாவட்டத் தலைநகரின் அரசுக் கல்லூரி மாணவரும் அதே நாளில் படிக்கலாம். திட்டத்தில் குறைகள் இருக்கலாம். ஆனால், அறிவுக்கான செலவை நாடு மொத்தமாக ஏற்றுக்கொண்டு எல்லோருக்கும் பகிர்ந்தளிக்க முடியும் என்பதை அது காட்டிவிட்டது.

அடுத்த கேள்வி இங்கேதான் எழுகிறது. கட்டுரையைப் படித்த மாணவர், அதில் உள்ள கணக்கீட்டைத் தாமே செய்து பார்க்க விரும்பினால் எங்கே போவார்? ஒரு மருந்து மூலக்கூறு புரதத்தோடு எவ்வாறு பொருந்துகிறது, புதிய மின்கலப் பொருள் ஒன்றில் அயனிகள் எப்படி நகர்கின்றன, ஒரு மாவட்டத்தின் பருவமழை இருபது ஆண்டுகளுக்குப் பிறகு எப்படியிருக்கும் என்பன போன்ற கேள்விகளுக்கு இன்று விடை காணும் இடம் பெரும்பாலும் கணினிதான். துறையின் மேசைக் கணினியில் மாதக்கணக்கில் இழுக்கும் ஒரு கணக்கீடு, பெரிய கணினித் தொகுப்பில் ஓரிரு நாளில் முடிந்துவிடும். அந்தத் தொகுப்பு கைக்கெட்டாதவர் தம் கேள்வியையே சுருக்கிக்கொள்கிறார். கணினிக்கு அடங்கும் அளவில் அறிவியலை வெட்டிக்கொள்வது, பல மாநிலப் பல்கலைக்கழகங்களில் ஓசையில்லாமல் நடந்துகொண்டிருக்கிறது.

இந்தியாவில் பெரிய கணினிகளே இல்லை என்று இனியும் சொல்ல முடியாது. அவற்றைப் பகிர்ந்துகொள்வதற்கான ஏற்பாடும், பயன்படுத்துவோருக்குத் துணைநிற்கும் மனிதர்களும் போதுமான அளவில் இல்லை என்பதே இன்றைய குறை. கொள்முதலுக்குக் கிடைக்கும் கவனம் சேவைக்குக் கிடைக்காதவரை, வாங்கப்படும் ஒவ்வொரு கணினியும் அது நிற்கும் வளாகத்தின் சொத்தாகவே இருந்துவிடும்.

எத்தனை கணினிகள், எத்தனை பேருக்கு?

சூப்பர் கம்ப்யூட்டர் என்று பரவலாக அறியப்படும் மீத்திறன் கணினிகளுக்கான தேசிய இயக்கத்தை மத்திய அரசு 2015இல் அறிவித்தது. ஏழு ஆண்டுகளில் 4,500 கோடி ரூபாய் செலவில் 70 கணினிகளை நிறுவுவது இலக்கு. புனேயைத் தலைமையிடமாகக் கொண்ட சி-டாக் நிறுவனமும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் இப்பணியை ஏற்றன. 2019இல் வாராணசியில் ‘பரம் சிவாய்’ முதலில் வந்தது. இந்திய அறிவியல் கழகத்தில் 3.3 பெட்டாஃப்ளாப் திறனுடைய ‘பரம் பிரவேகா’, திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 838 டெராஃப்ளாப் திறனுடைய ‘பரம் பொருள்’ ஆகியன 2022இல் செயல்பாட்டுக்கு வந்தன. 2024 செப்டம்பரில் புனே, டெல்லி, கொல்கத்தா ஆகிய மூன்று நகரங்களில் ‘பரம் ருத்ரா’ கணினிகள் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டன.

2025 மார்ச் மாத அரசுத் தகவலின்படி, மொத்தம் 34 கணினிகள், 35 பெட்டாஃப்ளாப் திறன். 200க்கும் மேற்பட்ட கல்வி நிறுவனங்களைச் சேர்ந்த 10,000க்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள் பயனடைந்துள்ளனர். எண்ணிக்கை இலக்கில் பாதியை ஒட்டியிருந்தாலும் இது சிறிய சாதனை அன்று. பாகங்களை இறக்குமதி செய்து அடுக்குவதில் தொடங்கிய இயக்கம், ‘ருத்ரா’ என்ற பெயரில் சர்வர்களை உள்நாட்டிலேயே வடிவமைக்கும் நிலைக்கு உயர்ந்திருக்கிறது.

எனினும், 200 என்ற எண்ணை வேறொரு எண்ணுக்கு அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 1,168 பல்கலைக்கழகங்களும் 45,000க்கும் மேற்பட்ட கல்லூரிகளும் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மீத்திறன் கணினி தேவைப்படாது என்பது உண்மை. ஆனால், தேவை உள்ள எத்தனை இடங்களிலிருந்து கோரிக்கையே எழவில்லை என்பதை யாரும் கணக்கெடுக்கவில்லை. கேட்டு மறுக்கப்பட்டவரின் பெயர் ஏதேனும் ஒரு கோப்பில் இருக்கும். கேட்க முடியும் என்றே அறியாதவரின் பெயர் எங்கும் இருக்காது.

பயன்பாட்டு விகிதம் 85 விழுக்காட்டுக்கு மேல், பல கணினிகளில் 95 விழுக்காட்டுக்கு மேல் என்பதும் பெருமையோடு சொல்லப்படுகிறது. இந்த எண்ணை இரு வகையாகப் படிக்கலாம். கணினி சும்மா கிடக்கவில்லை என்பது ஒன்று. வரிசை நீண்டுவிட்டது என்பது மற்றொன்று. எந்தப் பொதுச் சேவையிலும் பயன்பாடு முழு அளவை நெருங்க நெருங்கக் காத்திருப்பு நேரம் மிக வேகமாக ஏறும். மேலும், கணினி ‘வேலையில் இருந்தது’ என்பதற்கும் ‘பயனுள்ள வேலை செய்தது’ என்பதற்கும் இடைவெளி உண்டு. ஒரே சமயத்தில் 48 கணக்குகளைச் செய்யவல்ல ஒரு பகுதியை முழுதாகப் பிடித்துக்கொண்டு, நிரல் சரியாக அமைக்கப்படாததால் ஒரே ஒரு கணக்கை மட்டும் ஓட்டிக்கொண்டிருக்கும் பயனாளரும் அந்தப் புள்ளிவிவரத்தில் நல்ல பயனாளர்தான். இந்தக் கசிவைக் கண்டுபிடித்து அடைக்க, பக்கத்தில் அமர்ந்து சொல்லித்தர ஒரு மனிதர் வேண்டும்.

பகிர்தல் ஓர் ஒப்பந்தம்

கணினிகளைப் பகிர்ந்துகொள்வது எப்படி என்பதற்கு உலகம் அறிந்த பெரிய எடுத்துக்காட்டு, ஜெனீவாவுக்கு அருகே உள்ள செர்ன் ஆய்வகத்தின் கணினி வலையமைப்பு. 2012 ஜூலை 4 அன்று ஹிக்ஸ் போஸான் துகளின் கண்டுபிடிப்பு அறிவிக்கப்பட்டபோது, செர்னின் அப்போதைய தலைமை இயக்குநர் ரோல்ஃப் ஹாயர் துகள் முடுக்கியையும் ஆய்வுக் கருவிகளையும் கூறியதோடு நிற்கவில்லை. அந்த வெற்றியில் கணினி வலையமைப்புக்கும் பங்கு உண்டு என்றார். அது வெறும் உபசாரச் சொல் அன்று. இன்று 40க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 170 மையங்கள் சேர்ந்தே செர்னின் தரவுகளை அலசுகின்றன. மொத்தக் கணிப்புத் திறனில் செர்ன் வளாகத்தின் பங்கு ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு.

இந்த வலையமைப்பில் இந்தியாவும் இருக்கிறது. மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும், கொல்கத்தாவின் மாறும் ஆற்றல் சைக்ளோட்ரான் மையமும் இரண்டாம் அடுக்கு மையங்களை நடத்துகின்றன. இதில் சேரும் ஒரு நிறுவனம் ‘எங்களிடம் இவ்வளவு கணினிகள் உள்ளன’ என்று சொன்னால் போதாது. ஆண்டுக்கு எவ்வளவு கணிப்புத் திறனும் சேமிப்பிடமும் தரும், ஆண்டில் எத்தனை விழுக்காடு நேரம் சேவை கிடைக்கும், பழுதென்று புகார் வந்தால் எத்தனை மணி நேரத்துக்குள் பதில் சொல்லும் என்றெல்லாம் எழுதிக் கையொப்பமிட வேண்டும். இரண்டாம் அடுக்கு மையங்களுக்குக்கூட 95 விழுக்காடு நேரச் சேவை எதிர்பார்க்கப்படுகிறது. சொன்னபடி நடந்ததா என்பது தொடர்ந்து அளக்கப்படுகிறது. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் மையம் கொண்ட பொது உதவிச் சேவை, பல நாடுகளின் புகார்களை வாங்கி உரிய மையத்துக்கு அனுப்பி, தீரும்வரை பின்தொடர்கிறது.

இந்திய மையங்கள் உலகத்துக்கு இத்தகைய உறுதியைத் தர முடிகிறது என்றால், உள்நாட்டு ஆய்வாளருக்கும் அதே உறுதியைத் தர முடியும். தொழில்நுட்பம் இங்கே தடையில்லை. தேசிய அறிவு வலையமைப்பு ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்களை அதிவேக இணைப்பால் கோத்திருக்கிறது. கணினிகளை இணைத்து நாடு தழுவிய ஒரே வளமாக்கும் யோசனையும் புதிதன்று. சி-டாக் இரு பத்தாண்டுகளுக்கு முன்பே ‘கருடா’ என்ற பெயரில் 17 நகரங்களின் 45 நிறுவனங்களை இணைத்துக் காட்டியது. அந்த முன்னோட்டம் ஒரு நிரந்தரப் பொதுச் சேவையாக வேரூன்றாமல் போனது. திட்டங்களுக்கு முடிவு நாள் உண்டு, சேவைகளுக்கு அது கூடாது என்ற பாடத்தை நாம் அப்போதே கற்றிருக்க வேண்டும்.

கறுப்புத் திரையின் முன்னே

இந்த இயந்திரங்களைப் பயன்படுத்துவது மடிக்கணினியைத் திறப்பது போல் எளிதன்று. உள்ளே நுழைந்தால் கறுப்புத் திரையும் மின்னும் ஒரு குறியும்தான். கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வேண்டும். தம் நிரலை அந்த இயந்திரத்துக்கு ஏற்ப மறுபடி தொகுக்க வேண்டும். எத்தனை செயலிகள், எவ்வளவு நினைவகம், எத்தனை மணி நேரம் என்று முன்கூட்டியே எழுதி வரிசையில் இட வேண்டும். நேரத்தைக் குறைத்துச் சொன்னால் முடியும் தறுவாயில் கணக்கீடு துண்டிக்கப்படும். கூட்டிச் சொன்னால் வரிசையில் பின்தங்க நேரும். வேதியியலிலோ தாவரவியலிலோ முனைவர் பட்டம் செய்பவருக்கு இவற்றை யாரும் பாடமாகக் கற்பித்ததில்லை. பெரிய நிறுவனத்தில் இருப்பவருக்கு அடுத்த மேசையில் ஒரு மூத்த மாணவர் இருப்பார், கேட்டுக்கொள்வார். தனியாக ஒருவர் மட்டும் இத்துறையில் உழைக்கும் கல்லூரியில், முதல் வாரத்துப் பிழைச் செய்தியோடு ஆர்வமும் அணைந்துவிடுகிறது.

அமெரிக்காவில் இதை உணர்ந்து 2008இலேயே ‘வளாக வழிகாட்டிகள்’ திட்டத்தைத் தொடங்கினார்கள். தேசியக் கணினிகளைப் பற்றி அறிந்த ஒருவர் ஒவ்வொரு வளாகத்திலும் இருந்து, தம் சக ஆய்வாளர்களுக்குக் கைகொடுப்பார். அங்கே தேசிய அறிவியல் அறக்கட்டளையின் உதவியுடன் 2022 முதல் இயங்கிவரும் ‘ஆக்சஸ்’ ஏற்பாட்டில், தொடக்கநிலைத் தேவைக்கு ஒரு சுருக்கக் குறிப்பே விண்ணப்பம், நெறியாளரின் கடிதத்துடன் ஆய்வு மாணவரே கேட்கலாம், கட்டணம் இல்லை. தேவை பெருகப் பெருக, விண்ணப்பத்தின் விரிவும் பரிசீலனையின் கடுமையும் கூடும். சிறிய கேள்விக்குச் சிறிய வாசல், பெரிய கேள்விக்குப் பெரிய வாசல் என்ற இந்த எளிய நியாயம் நமக்கும் பொருந்தும்.

ஃபின்லாந்தின் கயானி நகரில் பழைய காகித ஆலை வளாகம் ஒன்றில் நிறுவப்பட்ட ‘லூமி’ இன்னொரு பாடம். பல ஐரோப்பிய நாடுகள் ஒன்றியத்தோடு செலவைப் பகிர்ந்துகொண்டு அமைத்த கணினி அது. அந்நாடுகள் பணம் தந்ததோடு நிற்கவில்லை. பயனாளர் உதவிக் குழுவுக்கு நிபுணர்களையும் தந்தன. இயந்திரம் ஒரு நாட்டில் இருந்தாலும், அதை அறிந்தவர் ஒவ்வொரு நாட்டிலும் இருக்கிறார்.

பெயரில்லாத பணியாளர்கள்

நம் நாட்டில் இப்பணியைச் செய்வோர் யார்? பல மையங்களில் திட்டக் காலத்துக்கு மட்டும் ஒப்பந்தத்தில் அமர்த்தப்படும் இளம் பொறியாளர்கள். அவர்கள் பேராசிரியரும் அல்லர், நிர்வாகப் பணியாளரும் அல்லர். ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் அவர்கள் பெயர் அரிதாகவே இடம்பெறுகிறது; பதவி உயர்வுக்கு ஏணி இல்லை. ஓரிரு ஆண்டுகளில் கற்றுத் தேர்ந்ததும் தனியார் நிறுவனம் பன்மடங்கு ஊதியத்துடன் அழைத்துக்கொள்கிறது. இயக்கத்தின்கீழ் 22,000க்கும் மேற்பட்டோருக்குப் பயிற்சி தரப்பட்டிருப்பதாக அரசு கூறுகிறது. பயிற்சி பெற்றவர் தங்குவதற்கு ஒரு பணியிடம் இல்லையென்றால், அந்தப் பயிற்சியின் பலனை வேறு யாரோ அறுவடை செய்வார்கள்.

பிரிட்டனில் 2012இல் இத்தகையோருக்கு ‘ஆய்வு மென்பொருள் பொறியாளர்’ என்ற பெயர் சூட்டப்பட்டது. பெயர் கிடைத்த பிறகே பணியிடம், ஊதிய விகிதம், சங்கம் எல்லாம் படிப்படியாக வந்தன. பெயரில்லாத பணிக்கு நிதிநிலை அறிக்கையில் தலைப்பும் இருக்காது.

இப்பணியை அலட்சியப்படுத்தினால் என்ன நேரும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. 2021 டிசம்பரில் ஜப்பானின் கியோத்தோ பல்கலைக்கழகத்தில், காப்பு நகல் எடுக்கும் நிரல் ஒன்று மாற்றப்பட்டபோது ஏற்பட்ட தவறால், 77 டெராபைட் ஆய்வுத் தரவு அழிந்தது, சுமார் 3.4 கோடி கோப்புகள். 14 ஆய்வுக் குழுக்களுக்குப் பாதிப்பு. 2020 மே மாதம், திருடப்பட்ட பயனாளர் அடையாளங்களைக் கொண்டு ஐரோப்பாவின் பல மீத்திறன் கணினிகளுக்குள் ஊடுருவல் நடந்தது. எடின்பரோவின் ‘ஆர்ச்சர்’ உள்ளிட்டவை மூடப்பட்டன. கரோனா பற்றிய ஆய்வுகள் தீவிரமாக நடந்துகொண்டிருந்த நேரம் அது. பகிர்தலுக்கு ஆபத்தும் உண்டு. ஒரு பயனாளரின் கடவுச்சொல் களவுபோனால் பல நிறுவனங்களின் கதவு திறந்துவிடும். அதைக் காரணம் காட்டிக் கதவை அடைத்துவிடுவது எளிது. காவலுக்குத் தகுதியான ஆளை நிரந்தரமாக அமர்த்துவதே முறை.

விலைக்கு வாங்கிக்கொள்ளலாமே?

செயற்கை நுண்ணறிவுக்கான ‘இந்தியா ஏஐ’ இயக்கத்துக்கு 2024 மார்ச்சில் சுமார் 10,372 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அதன்கீழ் 38,000க்கும் மேற்பட்ட ஜிபியு செயலிகள், சராசரியாக மணிக்கு 65 ரூபாய் என்ற மானிய விலையில் கிடைக்கின்றன. இனி என்ன குறை என்று சிலர் கேட்கக்கூடும்.

புதுத் தொழில் தொடங்குவோருக்கு இது பேருதவி என்பதில் ஐயமில்லை. ஆய்வு மாணவரின் பக்கத்திலிருந்து கணக்கிட்டுப் பார்ப்போம். எட்டு செயலிகளை முப்பது நாள் இடைவிடாமல் ஓட்டினால், மணிக்கு 65 ரூபாய் வீதம் சுமார் 3.74 லட்சம் ரூபாய் ஆகும். இளநிலை ஆய்வாளரின் மாத உதவித்தொகை 37,000 ரூபாய். பத்து மாத உதவித்தொகை ஒரே மாதக் கணக்கீட்டில் கரைந்துவிடும். மேலும், செயற்கை நுண்ணறிவுக்கு உகந்த செயலிகள் எல்லா அறிவியல் கணக்கீட்டுக்கும் உகந்தவை அல்ல. வானிலை, பாய்ம இயக்கவியல், மூலக்கூறு வேதியியல் ஆகியவற்றின் பழைய நிரல்களில் பல, ஜிபியுவுக்கு ஏற்ப மாற்றி எழுதப்படாதவை. மாற்றி எழுத ஆள் வேண்டும். எந்தப் பக்கம் சென்றாலும் மனிதரிடமே வந்து சேர்கிறோம்.

இன்னொரு வாதம், தகுதியுள்ள நிறுவனங்களுக்குத் தந்தால் போதும், பரவலாகக் கொடுப்பது விரயம் என்பது. அனுசந்தான் தேசிய ஆய்வு அறக்கட்டளையே இந்த வாதத்தை ஏற்கவில்லை. முன்னணி நிறுவனம் ஒன்றை மையமாக வைத்து, அதனோடு மாநிலப் பல்கலைக்கழகங்கள் உள்ளிட்ட சிலவற்றை இணைக்கும் ‘பேர்’ திட்டத்தை அது தொடங்கியிருக்கிறது. கூட்டாய்வில் சேர்த்துக்கொண்டு கணினியை மட்டும் மையத்தின் வளாகத்துக்குள் பூட்டிவைத்தால், இணைந்த நிறுவனத்தின் ஆய்வாளர் உடனாய்வாளர் ஆக மாட்டார். தரவு திரட்டித் தரும் உதவியாளராகவே நிற்பார்.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, மத்திய அரசின் நிதியில் உருவான எல்லா மீத்திறன் கணினிகளுக்கும் ஒரே விண்ணப்ப வாயில் வேண்டும். இன்று ஒவ்வொரு மையத்துக்கும் தனித்தனி விதி, தனித்தனிப் படிவம். சில மையங்களில் வெளியாருக்குக் கட்டணமும் உண்டு. சிறு ஒதுக்கீடுகள் கட்டணமின்றி, இரு வாரங்களுக்குள் கிடைக்க வேண்டும். மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் ஒரு குறைந்தபட்சப் பங்கு எழுத்தில் உறுதிசெய்யப்பட வேண்டும்.

இரண்டாவதாக, இயந்திரத்துக்கு ஒதுக்கும் ஒவ்வொரு நூறு ரூபாயோடும் மனிதருக்கான ஒரு பங்கைச் சேர்த்தே ஒப்புதல் வழங்க வேண்டும். பெரிய கணினி ஐந்தாறு ஆண்டுகளில் பழசாகிவிடும். சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் ‘கப்ரூ’ 2004இல் உலகின் முதல் 500 கணினிகளின் பட்டியலில் இடம்பெற்றது. அதன் வேகம் சுமார் ஒரு டெராஃப்ளாப். இன்றைய ‘பரம் பொருள்’ அதைவிட 800 மடங்குக்கு மேல் திறன் கொண்டது. இயந்திரங்கள் இப்படி வந்து போகும். ஒன்றிலிருந்து அடுத்ததற்கு அறிவைக் கடத்துபவர் நிலையாக இருக்க வேண்டும்.

மூன்றாவதாக, பயன்பாட்டு விகிதத்தோடு காத்திருப்பு நேரம், புதிய பயனாளர் எண்ணிக்கை, எந்த நிறுவனங்களுக்கு எவ்வளவு நேரம் கிடைத்தது, உதவிக் கோரிக்கைகள் எத்தனை நாளில் தீர்ந்தன ஆகியவற்றையும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். பொதுப் பணத்தில் இயங்கும் சேவை எவருக்குச் சேர்ந்தது என்று கேட்பது பொதுமக்களின் உரிமை.

நான்காவது, மாநிலங்களுக்கானது. தமிழ்நாட்டின் பல்கலைக்கழகங்கள் ஒவ்வொன்றும் சொந்தமாக மீத்திறன் கணினி வாங்க வேண்டியதில்லை. திருச்சியில் ஒன்று இருக்கிறது. நாடு முழுவதும் வேறு பல இருக்கின்றன. மாநில உயர்கல்வி மன்றம் முன்வந்து, பல்கலைக்கழகத்துக்கு ஒருவர் என்று வளாக வழிகாட்டிகளை நியமித்து, அவர்களை ஒரே குழுவாக இணைத்தால் போதும். இதற்காகும் செலவு ஒரு நடுத்தரக் கணினியின் விலையைவிடக் குறைவாகவே இருக்கும்.

நாம் கையொப்பமிட்டுள்ள பெரும் அறிவியல் திட்டங்களும் இந்த அவசரத்தைக் கூட்டுகின்றன. மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலியில் 2,600 கோடி ரூபாயில் ஈர்ப்பலை ஆய்வகம் அமைய 2023இல் ஒப்புதல் கிடைத்தது. ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் எழும் எஸ்கேஏ ரேடியோ தொலைநோக்கிக்கு இந்தியா 1,250 கோடி ரூபாய் தருகிறது. அது முழுமையாக இயங்கும்போது, ஆண்டுக்குச் சுமார் 700 பெட்டாபைட் தரவு உலகெங்கும் உள்ள வட்டார மையங்களுக்கு வந்து சேரும். அந்தத் தரவை அலசும் கைகள் எத்தனை வளாகங்களிலிருந்து வரப்போகின்றன என்பதை இன்றைய ஏற்பாடுகளே தீர்மானிக்கும்.

ஆய்விதழ்களுக்கு நாடு ஒரே சந்தா கட்டியபோது, ‘எல்லாக் கல்லூரிக்கும் எதற்கு?’ என்ற கேள்வியை அரசு ஒதுக்கித் தள்ளியது. கணினிக்கும் அதே துணிவு வேண்டும். மாவட்டக் கல்லூரி ஒன்றின் மாணவர் நள்ளிரவில் அனுப்பும் உதவிக் கோரிக்கைக்கு மறுநாள் காலையில் பதில் எழுத ஒருவர் இருக்கிறார் என்ற நிலை வரும்போதுதான், இந்தியாவின் மீத்திறன் கணினிகள் நாட்டின் கணினிகள் ஆகும்.